மாதக் கடைசியில் மட்டும் ஓடுகிற டீம்

கேள்வி: நன்றாக விற்றுக்கொண்டிருந்தேன் என்று ஆறு பேருக்கு மேலாளராக்கிவிட்டார்கள். இருவர்தான் டார்கெட்டை எட்டுகிறார்கள். மற்ற நால்வரும் மாதக் கடைசியில் தள்ளுபடி கொடுத்து ஒப்பேற்றுகிறார்கள். பயிற்சி வகுப்பு வைக்கலாமா, ஆளை மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நால்வரும் ஒரே இடத்திலா தடுமாறுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். கடந்த மூன்று மாதக் கணக்கை ஆள்வாரியாக எடுங்கள்: எத்தனை சந்திப்பு, எத்தனை கொட்டேஷன், எத்தனை ஆர்டர்.

ஒருவர் 40 பேரைச் சந்தித்து, 20 கொட்டேஷன் கொடுத்து, 2 ஆர்டர் வாங்கியிருக்கிறார் என்று வையுங்கள். இன்னொருவர் 10 சந்திப்பு, 6 கொட்டேஷன், 3 ஆர்டர். இரண்டாமவருக்கு விற்கத் தெரிகிறது, ஆள் பார்ப்பதுதான் போதவில்லை. முதலாமவர் ஓயாமல் அலைகிறார். ஆனால் என்ன தேவை, யார் முடிவெடுப்பவர், எப்போது வேண்டும் என்று கேட்காமலேயே விலையை நீட்டிவிடுகிறார் போலிருக்கிறது. இருவரையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்து என்ன பயன்?

முதலாமவரோடு ஒரு சந்திப்புக்குப் போங்கள். போய், வாயைத் திறக்காமல் இருங்கள். நன்றாக விற்றவர்களுக்கு இது பெரிய சோதனைதான்! நடுவில் புகுந்து நீங்களே டீலை முடித்துவிட்டால், அந்த வாடிக்கையாளர் அடுத்த முறை உங்களைத்தான் கூப்பிடுவார். வெளியே வந்ததும் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "யோசித்துச் சொல்கிறேன் என்றாரே, எதை யோசிக்கப் போகிறார்?" பெரும்பாலும் பதில் இருக்காது. "சரிங்க, விலைதான் யோசனையா, வேறு ஏதாவதா?" என்று அங்கேயே கேட்கவும், அடுத்து பேசும் தேதியைக் குறித்துக்கொண்டு எழவும் பழக்குங்கள். இது கைவரும்வரை வேறு எதையும் திருத்த வேண்டாம்.

தள்ளுபடி விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். 100 ரூபாய் விற்பனையில் 20 ரூபாய் லாபம் என்றால், 5% குறைத்ததும் கையில் நிற்பது 15. பழைய லாபத்தைப் பார்க்க மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விற்க வேண்டும். மாதக் கடைசிவரை காத்திருந்தால் விலை இறங்கும் என்று வாடிக்கையாளரும் கண்டுபிடித்துவிடுவார். குறைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் பதிலுக்கு முன்பணமோ கூடுதல் ஆர்டரோ கேட்கட்டும்.

வாரம் 20 நிமிடம் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுங்கள். எந்த டீல் நகர்ந்தது, எது நிற்கிறது, ஏன்? அவ்வளவுதான். எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டால் அடுத்த வாரம் பொய்க் கணக்குதான் வரும்.

அப்புறம், ஆளை மாற்றுவது. என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று எழுத்தில் கொடுத்து, கூடவே நின்று உதவியும் ஓரிரு மாதங்களில் அசைவே இல்லையென்றால் அப்போது யோசிக்கலாம். அதற்கு முன் ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள்: டார்கெட்டை எட்டுகிற அந்த இருவருக்குத்தான் நல்ல வாடிக்கையாளர்களெல்லாம் போகிறார்களா?