தோட்டாவை ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள்

தம்பி, மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் செம்பனை (பாமாயில்) ஆலை வேலை கிடைத்திருக்கிறது, அறை வாடகை எவ்வளவு, சாப்பாடு எப்படி என்று கேட்டுவிட்டு, கடைசியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள். தாத்தா பர்மா சண்டையிலிருந்து கொண்டுவந்த பழைய ராணுவத் தோட்டாக்கள் இருபது இருக்கின்றன, கூடவே எடுத்து வரலாமா, அங்கே தோட்டங்களில் இன்னும் கிடைக்குமா என்று. வாடகை, சாப்பாடு எல்லாம் வந்து இரண்டு நாளில் தெரிந்துவிடும். தோட்டாவைப் பற்றித்தான் நான் உட்கார்ந்து எழுத வேண்டும்.

1999-ல் திருவெறும்பூரிலிருந்து நான் வந்தபோது பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே ஒரு சாவிக்கொத்து இருந்தது. அதில் தொங்கியது பழைய பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கியின் .303 காலித் தோட்டா ஒன்று, அப்பா கொடுத்தது. இங்கே இறங்கியதும் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். ஆறு மணி நேரம் ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். மலாய் ஒரு வார்த்தை தெரியாது. அழைத்துப்போக வந்த ஏஜெண்டு விஷயம் தெரிந்ததும் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பிரைமரில், அதாவது அடியில் நடுவே இருக்கும் பற்றவைக்கும் மூடியில், ஊசி குத்திய குழி இருந்தது, பக்கவாட்டில் வளையம் மாட்டத் துளை போட்டிருந்தது. அந்த இரண்டும்தான் என்னைக் காப்பாற்றின. தோட்டாவைப் பிடுங்கிக்கொண்டு என்னை விட்டுவிட்டார்கள். வெளியே வந்தபோது இரவு பதினோரு மணி, கையில் நாற்பது வெள்ளி, அதாவது ரிங்கிட்.

அப்போது உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் இருந்தது. உரிமம் இல்லாத துப்பாக்கியும் தோட்டாவும் தூக்குமேடை வரை கொண்டுபோகும். அந்தச் சட்டத்தை 2012-ல் நீக்கிவிட்டார்கள். ஆனால் 1960 ஆயுதச் சட்டம் அப்படியே இருக்கிறது. உரிமமில்லாமல் தோட்டா வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். ‘தாத்தா ஞாபகம்’ என்று சொல்வதை யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள். காலித் தோட்டாவும் வேண்டாம். அது காலி என்று நிரூபிக்கும் வரை பெஞ்சில் உட்காரப்போவது நீங்கள்தான்.

நம் ஊரிலிருந்து வந்தவர்களிலேயே சிலர் ‘ஒன்றும் ஆகாது, சரக்குக்குள் போட்டு அனுப்பு’ என்பார்கள். பத்து வருஷம் இருந்தும் மலாய் கற்றுக்கொள்ளாதவர்கள், இங்கே பிறந்த தமிழரைத் ‘தோட்டத்து ஆள்’ என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். நான் எட்டு மாதத்தில் மலாய் பேசினேன், இந்த ஊரிலேயே பெண் கட்டினேன். எனக்கு வழி காட்டியவர்கள் அந்தத் தோட்டத்து ஆட்கள்தான்.

இங்கே கிடைக்குமா என்றால், மண்ணுக்குள் கிடக்கத்தான் செய்கிறது. 1941 டிசம்பர் கடைசியில் கம்பாரில் பிரிட்டிஷ், இந்தியப் படைகள் ஜப்பான்காரனை நாலு நாள் தடுத்து நிறுத்தின. 1948 ஜூன் 16-ல் இந்த ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார மேலாளர்கள் சுடப்பட்டார்கள். அதில்தான் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்கப் பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் தொடங்கியது, 1960 வரை நீண்டது. கால்வாய் வெட்டும்போது ஒரு முறை எனக்கே பச்சை பிடித்த தோட்டா ஒன்று கிடைத்தது, குண்டோடு. ஆசையில் பால் டின்னில் போட்டு வைத்தேன். மாமனார் பார்த்துவிட்டு அன்று சாயங்காலமே என்னை போலீஸ் நிலையத்துக்கு இழுத்துப்போனார். வந்து எடுத்துப்போனார்கள், திட்டும் வாங்கினேன். அதன் உள்ளே இருப்பது கார்டைட் என்ற வெடிமருந்து, சேமியா போல நீள நீளமாக இருக்கும். மண்ணில் கிடந்து செத்துப்போயிருக்கும் என்று நினைத்துக் குறடு வைத்து இழுத்துவிடாதீர்கள். கண்ணில் பட்டால் தொடாமல் போலீஸுக்குச் சொல்லுங்கள், வெடிகுண்டுப் பிரிவு வரும்.

உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. ஊரை விட்டுக் கிளம்பும் முன் ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு தோட்டாவின் அடியிலும் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலை லேசாகத் தேய்த்து எழுத்தைப் பதித்து எடுங்கள். கே.எஃப். என்று வந்தால் புனேக்குப் பக்கம் கிர்க்கி தொழிற்சாலை. வருஷமும் இருக்கும். ரோமன் ஏழு இருந்தால் 1910-ல் வந்த மார்க் 7, 174 கிரெய்ன் எடையுள்ள கூர்முனைக் குண்டு. பிரைமரைச் சுற்றிய அரக்கு வளையத்தின் நிறத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஊதா என்றால் சாதாரணக் குண்டு, சிவப்பு என்றால் பாதை காட்டும் குண்டு, பச்சை என்றால் கவசம் துளைப்பது. ஜப்பான் ராணுவத்தின் 6.5 மில்லிமீட்டர் தோட்டாவில் பெரும்பாலும் எழுத்தே இருக்காது, அடி மொட்டையாக இருக்கும். அப்புறம் அந்தப் பதிவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு விமானம் ஏறுங்கள். தோட்டாக்களில் குண்டோடு எதுவும் இருந்தால் அங்கேயே விவரம் தெரிந்தவரைக் கேட்டு முறையாக ஒப்படைத்துவிடுங்கள், பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள்.

இப்படிப் பதிவெடுத்த நோட்டுப் புத்தகங்கள் என்னிடம் இப்போது மூன்று இருக்கின்றன. விடுமுறைக்குப் போர்ட் டிக்சன் ராணுவ அருங்காட்சியகத்துக்குப் போவேன், கம்பார் மேட்டில் ஏறுவேன்.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு பெரியவர் இருந்தார், பால்மரம் வெட்டியவர். அவசரகாலத்தில் லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டார்களாம். காட்டுக்குள் இருந்த கெரில்லாக்களுக்குச் சோறு போகக்கூடாது என்று காலையில் வாசலில் தூக்குச்சட்டியைத் திறந்து பார்ப்பார்களாம். மத்தியானம் வரை பட்டினியோடுதான் மரம் வெட்டினோம் என்பார். அவர் வீட்டில் ஒரு சின்ன மண்ணெண்ணெய் விளக்கு இருந்தது. அதன் திரிக்குழாய் ஒரு .303 உறை, ஓரத்தில் கிடந்ததை எடுத்து அடியை அரத்தால் ராவி எடுத்துவிட்டுத் தகரத்தில் பற்றவைத்தது. கழுத்துப் பக்கம் கரி பிடித்து, பித்தளை பாதி கறுத்துப் பாதி மின்னியது.

எந்தத் தொழிற்சாலை, எந்த வருஷம் என்று கேட்டேன். அடியே இல்லையே தம்பி, அது போனால்தானே திரி நுழையும் என்றார். நோட்டில் அந்த விளக்குக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். பென்சில் பதிவு இல்லாத பக்கம் அது ஒன்றுதான்.