படிக்கும் வரி இடம் பெயராதிருக்க

கேள்வி: நாங்கள் உருவாக்கிவரும் இணைய அரட்டைச் செயலியில் பழைய செய்திகளைப் படிக்க மேலே உருட்டும்போது, அடுத்த தொகுதி வந்து சேர்ந்ததும் படித்துக்கொண்டிருந்த வரி கண்ணை விட்டு அகன்றுவிடுகிறது. குரோமில் எப்போதாவதும் ஐபோனில் எப்போதும் இப்படி நேர்கிறது. கூடிய உயரத்தை, உருட்டிய தொலைவைக் குறிக்கும் ஸ்க்ரோல்டாப்புடன் கூட்டிப் பார்த்தும் முழுமையாகத் தீரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: வாசகர் எந்தச் செய்தியைப் படிக்கிறார் என்பது உலாவிக்குத் தெரியாது, பட்டியலின் உச்சியிலிருந்து எத்தனை பிக்சல் தள்ளி நிற்கிறார் என்பதை மட்டுமே அது ஸ்க்ரோல்டாப் என்ற எண்ணாக வைத்திருக்கிறது. அந்த எண் 300 ஆக இருக்கையில் மேலே 1,800 பிக்சல் உயரத்துக்குப் பழைய செய்திகள் நுழைந்தால், எண் 300 ஆகவே நிற்கும். படித்த செய்தியோ 1,800 பிக்சல் கீழே போயிருக்கும். இதைத் தானாகவே ஈடுசெய்யும் வசதி குரோமில் 2017-லும் ஃபயர்ஃபாக்ஸில் 2019-லும் வந்தது. சஃபாரியில் நெடுங்காலம் வரவில்லை. குரோமிலும்கூட ஸ்க்ரோல்டாப் சுழியமாக இருக்கும்போது அது இயங்காது. உச்சியைத் தொட்ட பிறகே பழைய செய்திகளைக் கேட்டு வாங்கும் செயலிகளில், மிகவும் தேவைப்படும் கணத்தில் அவ்வசதி கைவிடுவதற்குக் காரணம் இதுதான்.

கூடிய உயரத்தைக் கூட்டும் வழியில் ஒரு குறை உண்டு. அதே நேரத்தில் கீழே ஒரு புதிய செய்தி வந்துவிட்டால் அதன் உயரமும் கணக்கில் சேர்ந்து, வரி மறுபக்கம் துள்ளும். எனவே மொத்த உயரத்தை விட்டுவிட்டு, திரையில் தெரியும் முதல் செய்தியையே பிடித்துக்கொள்ளுங்கள். பழைய செய்திகளைச் சேர்ப்பதற்குச் சற்று முன் அந்தச் செய்தியின் மேல்விளிம்பு திரையில் எங்கே இருக்கிறது என்று, ஓர் உறுப்பின் இடத்தைச் சொல்லும் கெட்பவுண்டிங்கிளையண்ட்ரெக்ட் கட்டளை கொண்டு அளந்து, சேர்த்த பின் மீண்டும் அளந்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஸ்க்ரோல்டாப்புடன் கூட்டுங்கள். முதல் அளவைச் சர்வரிடம் கேட்கும் நேரத்தில் எடுப்பது பலரிடம் காணும் பிழை. பதில் வருவதற்குள் வாசகர் மேலும் உருட்டியிருப்பார். உலாவியும் நாமும் ஒரே நகர்வை இருமுறை ஈடுசெய்யாதிருக்க, உலாவியின் தானியங்கி ஈடுசெய்தலைக் கட்டுப்படுத்தும் ஓவர்ஃப்ளோ-ஆங்கர் என்ற சிஎஸ்எஸ் பண்புக்கு 'நன்' (none) என்ற மதிப்பைக் கொடுங்கள். உருட்டலை மென்மையாக்கும் 'ஸ்மூத்' அமைப்பு அந்தப் பெட்டியில் இருந்தால், நம் திருத்தமே கண்முன் ஊர்ந்து செல்லும், அதையும் நீக்குங்கள். திருத்தம் திரை வரையப்படுவதற்கு முன் முடிந்தாக வேண்டும் என்பதால், ரியாக்ட் நூலகத்தைப் பயன்படுத்தினால், வழக்கமாகத் திரை வரைந்த பின் இயங்கும் யூஸ்எஃபெக்டுக்குப் பதிலாக, வரைவதற்கு முன் இயங்கும் யூஸ்லேஅவுட்எஃபெக்டில் அதைச் செய்யுங்கள்.

எஞ்சும் துள்ளலுக்குப் பெரும்பாலும் படங்களே காரணம். படத்தின் அகலத்தையும் உயரத்தையும் செய்தியோடு சேர்த்தே சர்வர் அனுப்பினால், படம் வருவதற்கு முன்பே உலாவி அதற்குரிய இடத்தை ஒதுக்கிவிடும். முன்கூட்டி அளவு தெரியாதவற்றுக்கு, உறுப்பின் அளவு மாறுவதைக் கண்டு சொல்லும் ரீசைஸ்அப்சர்வர் இருக்கிறது: அது அளவு கணக்கிட்ட பின்னும் திரை வரைவதற்கு முன்னும் அழைக்கப்படுவதால், மேற்சொன்ன திருத்தத்தை அங்கேயும் செய்யலாம்.

கேள்வி: புதிய செய்தி வரும்போதெல்லாம் பட்டியலைக் கீழே கொண்டுபோகலாமா?

பதில்: கூடாது. பழைய உரையாடலில் ஆழ்ந்திருப்பவரை அவர் கேட்காமலே இழுத்துவருவது, அவர் கையிலிருக்கும் பக்கத்தை நாம் புரட்டுவதற்கு ஒப்பாகும். செய்தியைச் சேர்ப்பதற்கு முன், மொத்த உயரத்திலிருந்து ஸ்க்ரோல்டாப்பையும் பெட்டியின் உயரத்தையும் கழித்துப் பாருங்கள். மீதி 50 பிக்சலுக்குள் இருந்தால் மட்டும் கீழே செல்லுங்கள். ஸ்க்ரோல்டாப் பின்ன எண்ணாகவும் வரக்கூடும் என்பதால் மீதி சரியாகச் சுழியமா என்று சோதிப்பது நம்பத்தக்கதன்று. மற்ற நேரங்களில் 'புதிய செய்திகள்' என்றொரு பொத்தான் போதும். வாசகர் தாமே ஒரு செய்தியை அனுப்பினால் மட்டும், அவர் எங்கிருந்தாலும் கீழே அழைத்துச் செல்லலாம்.