ஐந்து நாளில் ஒரு கும்மி

அன்புள்ள அண்ணா,

கோபிசெட்டிபாளையம் பக்கத்தில், வள்ளி முருகன் கதையைப் பாடி ஆடும் வள்ளிக்கும்மி சொல்லிக் கொடுக்கிறோமுங்க. தை கடைசியில் நாங்கள் மூன்று பேர் ராமேசுவரம் தீவுக்குப் போகிறோம். பாம்பன் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 40 பிள்ளைகள். தினம் ஒன்றரை மணி நேரம், ஐந்து நாள். நம்ம ஊரில் அரங்கேற்றத்துக்கே இரண்டு மூன்று மாசம் ஆகும். ஐந்து நாளில் எதைச் சொல்லித் தருவது? பையன்கள் கூச்சப்பட்டால் என்ன செய்வது? வள்ளி கதையை அங்கே பாடலாமுங்களா?

இப்படிக்கு,
ஒரு கும்மி ஆசிரியை

அன்புள்ள அம்மிணி,

ஒரு பாட்டு, ஒரு நடை, நாலு அடி. அதற்கு மேல் வேண்டாம். மொத்தம் ஏழரை மணி நேரம். வரிசை நிற்பது, தண்ணீர் குடிப்பது போக ஆறு மணி தேறும். அதற்குள் பத்து அடி காட்டினால் பிள்ளைகள் உங்கள் காலையே பார்த்து ஆடுவார்கள். நீங்கள் வண்டி ஏறும் அன்று ஆட்டமும் ஏறிப் போய்விடும்.

முதல் நாள் காலே வேண்டாம். உட்கார வைத்து வாயால் ‘தகிட தகிட’ சொல்ல வையுங்கள். கும்மியின் நடை மும்மை, அதாவது மூன்று மூன்றாக எண்ணும் தாளம். சினிமாப் பாட்டு கேட்ட காது நாலுக்குப் பழகியது. மூன்றாவது அட்சரத்தை இழுத்து நாலாக்கிவிடும். அப்படி இழுக்கும்போது கையைத் திருத்திப் பயனில்லை, வாயைத் திருத்துங்கள். வாய்க்குத் தாளம் பிடிபட்ட பிறகு ‘த’வில் கை தட்டட்டும். விரித்த கையால் ஒரு மணி நேரம் அடித்தால் உள்ளங்கை சிவந்து, பிறகு பொய்த்தட்டுதான் வரும். பழகும்போது குவித்த கை போதும். வேகம் நொடிக்கு ஒரு தகிட. அதைத் தாண்ட மூன்றாம் நாள் வரை விடாதீர்கள்.

இரண்டாம் நாள் அடி. வலது முன்னே, இடது சேர்ப்பு, இடது பின்னே, வலது சேர்ப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தகிட. இதில் வரும் கோளாறு எப்போதும் ஒன்றுதான்: கால் ஊன்றும் வரை கை காத்திருக்கும், தட்டு பிந்தும். கை முந்தி, கால் அதன் பின்னால் என்று சொல்லுங்கள். நீங்கள் வட்டத்தின் நடுவில் நின்று காட்டாதீர்கள். எதிரே நிற்பவருடைய வலது, பிள்ளைக்கு இடதாகத் தெரியும். மூன்று பேரும் வட்டத்திலேயே மூன்று இடத்தில் நில்லுங்கள். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துப் பிடித்துக்கொள்வார்கள்.

வட்டத்தை ஒன்றாகப் போட்டால் 15 மீட்டர் குறுக்களவு வேண்டும், எதிர்ப்பக்கத்துப் பிள்ளைக்கு உங்கள் குரல் எட்டாது. வெளியே 24, உள்ளே 16 என்று இரண்டு வட்டம் போடுங்கள். நடுவில் ஒரு முளை அடித்து, 4.6 மீட்டரிலும் 3 மீட்டரிலும் முடிச்சுப் போட்ட கயிற்றால் மணலில் கோடு கிழித்துவிடலாம். சுண்ணாம்புப் பொடி கடற்காற்றில் நிற்காது. இந்த அளவில் ஒரு பிள்ளைக்கு 1.2 மீட்டர் கிடைக்கும். நடுவை நோக்கி உள்ளே கூடும்போது வெளிவட்டம் மூன்று எட்டு வைக்கட்டும், உள்வட்டம் இரண்டே எட்டு. உள்வட்டமும் மூன்று எட்டு வைத்தால் 70 சென்டிமீட்டருக்குள் நெருங்கி முழங்கை இடிக்கும். எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கை சொல்வதால்தான் பல இடங்களில் கும்மி நடுவில் கலைகிறது.

மணலில் குதி வேண்டாம். கால் புதைந்து, மூன்றாவது சுற்றிலேயே கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். ஒலிபெருக்கியும் வேண்டாம், 30 மீட்டர் தள்ளிக் கட்டடச் சுவர் இருந்தால் எதிரொலி கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு நொடி பிந்தி வந்து தாளத்தைக் குழப்பும். ஒரு ஜால்ரா, உங்கள் குரல், போதும்.

பையன்களிடம் இதைச் சொல்லுங்கள்: வள்ளிக்கும்மி நம்ம பக்கம் ஆண்கள் ஆடி வந்த ஆட்டம். அதைப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்த கோவை பத்திரப்பன் ஐயாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கூச்சம் பாதி குறையும்.

வள்ளி கதை பற்றி. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கிறிஸ்தவ, இஸ்லாமிய வீட்டுப் பிள்ளைகள் நிறைய. மழைக்கும் விளைச்சலுக்கும் கும்மி உண்டு. ஆடும் பாட்டு அதில் ஒன்றாக இருக்கட்டும். தினைப்புனத்தில் பரண் மேல் நின்று கிளி விரட்டிய பெண்ணின் கதையை ஓய்வு நேரத்தில் சொல்லுங்கள். பாடுவதா வேண்டாமா என்பதைத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நாலாம் நாளை அவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். வலை இழுக்கும்போது பாடும் அம்பா பாட்டு அந்தக் கரைக்காரர்களுடையது. ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவது நம் கும்மியின் முறையேதான். தெரிந்த தாத்தா ஒருவரைப் பள்ளிக்கு அழைத்துப் பாடச் சொல்லி, அதன் மேல் உங்கள் நாலு அடியை வைத்துப் பாருங்கள். இழுவையில் பாரம் விழும் இடத்தில் நீட்டம் வரும். அதைத் தகிடவுக்குள் அமுக்காதீர்கள். அந்த நீட்டத்துக்கு ஓர் அடியை அங்கேயே நிறுத்தினால் போதும். எனக்கு இந்தப் பயணத்தில் பெரிய ஆசையே இதுதான்.

ஐந்தாம் நாள் மேடை நிகழ்ச்சிக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். எட்டாம் வகுப்பில் நல்ல தாளம் உள்ள நாலு பேர் பாடி நடத்தட்டும், நீங்கள் மூவரும் கோட்டுக்கு வெளியே வாய் திறக்காமல் நில்லுங்கள். பாட்டை மெதுவாக ஒன்று, வேகமாக ஒன்று, வெறும் ஜால்ரா மட்டும் ஒன்று என மூன்றாகப் பதிந்து விளையாட்டு ஆசிரியரின் போனில் ஏற்றிவிடுங்கள். அம்பாவின் சொற்களைப் பாடியவர் வாயில் வந்தபடியே நோட்டில் எழுதி வந்து, மாசி மாசப் பயிற்சியில் கோபிப் பிள்ளைகளுக்குப் பாடிக் காட்டுங்கள்.