புதிய கடல்நீர்த் தொட்டிக்கு லைவ் ராக் எப்படிப் பார்த்து வாங்குவது?

200 லிட்டரில் முதல் கடல்நீர்த் தொட்டி வைக்கப் போவதாகவும், லைவ் ராக்கில், அதாவது தண்ணீரைச் சுத்தம் செய்யும் பாக்டீரியா குடியிருக்கும் கல்லில், எதைப் பார்ப்பது, எத்தனை கிலோ தேவைப்படும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்தியாவில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்: கடலிலிருந்து எடுத்த கல்லை வாங்கவே வாங்காதீர்கள். ட்ரை ராக் என்று விற்கும் காய்ந்த கல்லையோ செராமிக் கல்லையோ வாங்கி, உங்கள் தொட்டியிலேயே அதற்கு உயிர் ஏற்றுங்கள்.

கடலில் எடுக்கும் லைவ் ராக் பெரும்பாலும் செத்த பவளத்தின் கூடுதான். அதன் துளைகளில் பாக்டீரியா, பாசி, புழு, கடற்பஞ்சு எல்லாம் குடியிருக்கும். கல் பவளங்கள் அத்தனையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலியும் அதே அட்டவணையில்தான் இருக்கிறது. செத்துக் கரை ஒதுங்கிய துண்டுதானே என்று எடுத்து வருவதும் குற்றம். "ராமேஸ்வரம் கல், ஒரிஜினல்" என்று யாராவது பெருமையாக எடுத்துக் காட்டினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உண்டு. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் என்று அங்கே பல காலம் பவளக்கல்லை வெட்டி எடுத்தார்கள். அலையின் வேகத்தை வாங்கிக்கொண்டிருந்த பாறை போனதும் தீவு மணல் அரிக்கத் தொடங்கியது. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. அந்தக் கடலிலிருந்து நம் வரவேற்பறைக்கு ஒரு கூடை கல் வருவது எனக்கு ஒப்பவே இல்லை.

சரி, காய்ந்த கல்லில் என்ன பார்ப்பது? முதலும் முக்கியமும் துளைதான். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கல்லின் மேற்பரப்பிலும் மேல் துளைகளிலும் ஒட்டி வாழும். ஆக்சிஜன் எட்டாத உள் இடுக்குகளில் வேறு வகை பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே அனுப்பும். துளை இல்லாத கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் தொட்டிக்குள் அலங்காரப் பொருள்தான்.

கையில் எடுத்துப் பாருங்கள். அளவுக்கு எடை குறைவாகத் தெரிய வேண்டும். காய்ந்த கல்லின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். நல்ல கல் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். அடர்த்தியான கல்லில் சொட்டு உருண்டு ஓடிவிடும். துரு நிறக் கோடுகள், உலோகம் போலப் பளபளக்கும் நரம்புகள், சாயம் பூசிய கல் எல்லாம் வேண்டாம். சிமென்ட் கலந்து செய்த கல் என்றால் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு அடிக்கடி மாற்றுங்கள், பி.எச். 8.4-க்குக் கீழே வந்து நிலைக்கும் வரை தொட்டிக்குள் விடாதீர்கள். இதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

யாராவது தொட்டியைக் கலைக்கும்போது விற்கும் பழைய கல் மலிவாகக் கிடைக்கும். எனக்கு அதில் விருப்பம் இல்லை. பல ஆண்டு பாஸ்பேட் அதற்குள் ஊறியிருக்கலாம், ஐப்டேசியாவும் சேர்ந்து வரலாம். அது ஒரு பழுப்புக் கடல் சாமந்தி. கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் தண்டு, நுனியில் மெல்லிய கைகள். விரல் பட்டதும் துளைக்குள் சுருங்கிவிடும். பிய்த்து எடுத்தால் ஒட்டியிருக்கும் துணுக்கிலிருந்து மறுபடி முளைக்கும். நம்பிக்கையான நண்பரின் கடல்நீர்த் தொட்டி பில்டரிலிருந்து ஒரு கைப்பிடி அளவு செராமிக் வளையம் மட்டும் வாங்குங்கள். பாக்டீரியாவுக்கு அந்த உறைமோரே போதும். அதையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

எட்டு லிட்டருக்கு ஒரு கிலோ என்பது பழைய கணக்கு. உங்கள் தொட்டிக்கு அது 25 கிலோ வரும். துளை அதிகமுள்ள லேசான கல், கூடவே ஒரு ஸ்கிம்மர் (நுரை எழுப்பிக் கழிவைப் பிரிக்கும் கருவி) என்றால் 12 முதல் 15 கிலோ போதும் என்பேன். சிறு துண்டுகளைக் குவிப்பதைவிட நாலைந்து பெரிய கல் மேல். மணல் கொட்டுவதற்கு முன்பே கல்லை அடிக்கண்ணாடியில் பதிய வைத்துவிடுங்கள். மணல் மேல் வைத்தால் அதைத் தோண்டும் மீன் கல்லைச் சரித்துவிடும். கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவே கை நுழைய இடம் வேண்டும். நடுவில் தண்ணீர் ஓட வழி விடுங்கள். கல்லுக்குப் பின்னால் ஓட்டம் இல்லாவிட்டால் அழுக்கு அங்கேதான் தேங்கும்.

அப்புறம் பொறுமை. ஆர்.ஓ. தண்ணீரில் கடல் உப்பு கலந்து 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு), சூடு 26 டிகிரி, பம்ப் ஓட, விளக்கு அணைத்து வையுங்கள். பாக்டீரியாவுக்குத் தீனியாக அம்மோனியம் குளோரைடு போட்டு அம்மோனியாவை 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 2 பங்கு) வரை ஏற்றி, டெஸ்ட் கிட்டில் பார்த்துக்கொண்டே வாருங்கள். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். போட்ட 2 பி.பி.எம். அம்மோனியா ஒரே நாளில் காணாமல் போய், நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால் உங்கள் காய்ந்த கல் லைவ் ராக் ஆகிவிட்டது. நைட்ரேட் ஏறியிருக்கும், பெரிய அளவில் தண்ணீர் மாற்றிவிட்டு முதல் மீனை விடலாம்.

விளக்குப் போட்டதும் கல் முழுக்கப் பழுப்புத் தூள் படியும். அது டயாட்டம் என்ற நுண்பாசி, தானே போகும். படங்களில் பார்க்கும் ஊதா நிறக் கோரலைன் பாசிக்கும் கடல் கல் தேவையில்லை. கடையில் வாங்கும் டர்போ நத்தையின் ஓட்டிலேயே அது பெரும்பாலும் ஒட்டி வரும். கால்சியத்தை 400 பி.பி.எம்.-க்கு மேலும், பி.எச். நிலையாக இருக்க உதவும் ஆல்கலினிட்டியை 8 டி.கே.எச். (அதன் அலகு) அளவிலும் வைத்திருந்தால் சில மாதங்களில் கல்லுக்குத் தாவிவிடும்.