ஏற்றத்தில் நின்று எடுக்கும் சின்னக் கார் எது?

கேள்வி: குன்னூர் பெட்போர்டு பக்கம் எங்கள் வீடு. கணவருக்கு அருவங்காட்டில் வேலை, எனக்கு ஊட்டியில். மாமியார், இரண்டு பிள்ளைகளோடு ஐந்து பேர். மாதம் ஒரு தடவை மேட்டுப்பாளையம் இறங்குவோம். கையில் ஏழரை லட்சம் இருக்கிறது. "1 லிட்டர் இன்ஜின் போதும், மைலேஜ் அள்ளும்" என்கிறார் கோவை ஷோரூம்காரர். அதை வாங்கலாமா? ஆட்டோமேட்டிக் எடுத்தால் எனக்கு ஓட்ட வசதியாக இருக்குமா?
- வாசகி, குன்னூர்

பதில்: ஷோரூம்காரர் சொல்வது கோவைக்குச் சரி. ஊருக்குள் சிக்னலுக்குச் சிக்னல் ஊர்ந்து போக 1 லிட்டர் கார் தாராளம். நம் மலைக்குக் கணக்கு வேறு.

உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். ஆல்ட்டோ கே10, செலேரியோ, வேகன் ஆர் 1.0 மூன்றிலும் இருப்பது ஏறத்தாழ 67 குதிரைத்திறன். ஊட்டிக்குப் போகும்போது அதில் சுமார் ஐம்பத்திரண்டுதான் மிஞ்சும். ஐந்து பேரும் உட்கார்ந்து, டிக்கியில் மேட்டுப்பாளையம் சந்தைக் காய்கறி மூட்டையும் இருந்தால், கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் இரண்டாவது கியரைத் தாண்ட மாட்டீர்கள். இன்ஜினைக் கதறவிட்டு ஏறினால் மைலேஜும் அள்ளாது. ஆகவே உங்கள் வீட்டுக்கு 1.2 லிட்டருக்குக் கீழே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கணவன் மனைவி இருவர் மட்டும் என்றால் ஆல்ட்டோவே போதும் என்றிருப்பேன்.

2025 செப்டம்பர் 22 முதல், 1,200 சி.சி.க்கும் 4 மீட்டர் நீளத்துக்கும் உட்பட்ட பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. முன்பு செஸ் சேர்த்து 29. அந்த மிச்சத்தைப் பெரிய டச் ஸ்கிரீனில் போடாமல் பெரிய இன்ஜினில் போடுங்கள்.

1.2-இல் டாடா டியாகோ, வேகன் ஆர் 1.2, ஹூண்டாய் ஐ10 நியோஸ் மூன்றையும் பாருங்கள். மூன்றும் 80 குதிரைத்திறனுக்கு மேல். இழுவையில் பெரிய வித்தியாசம் தெரியாது. வேகன் ஆர் உயரமான கார், மாமியாருக்கு முட்டிவலி இருந்தால் ஏறி இறங்கச் சுலபம். அகலமும் 1,620 மி.மீ.தான், எதிரே பஸ் வந்தால் ஒதுங்கலாம். ஆனால் 2023-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில், இரண்டு ஏர்பேக் கொண்ட அதன் மாடல் ஐந்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம்தான் வாங்கியது. டியாகோ 2020-இல் நான்கு நட்சத்திரம் வாங்கியது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம் என்று தினமும் போகிற குடும்பம் உங்களுடையது. நான் டியாகோ பக்கம்தான் சாய்வேன்.

அப்புறம் ஆட்டோமேட்டிக். இந்த விலையில் பெரும்பாலும் கிடைப்பது ஏ.எம்.டி. அது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் மட்டும் கருவி பார்த்துக்கொள்ளும். ஏற்றத்தில் டிராஃபிக் நின்றால் பிரேக்கில்தான் நிற்க வேண்டும். ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தியே வண்டியை நிறுத்தி வைத்தால் கிளட்ச் பிளேட் கருகும். எனக்கே நடந்தது. சமவெளியில் ஒரு வியாபாரியிடம் வாங்கிய பழைய ஏ.எம்.டி. கார், மூன்றாவது வாரமே ஊட்டி சேரிங்கிராஸ் நெரிசலில் புகைந்தது. ஏற்கெனவே தேய்ந்த கிளட்ச் என்று அவர் சொல்லவே இல்லை. ஹில் ஹோல்ட் இருக்கும் மாடல்தானா என்று கேளுங்கள். பிரேக்கிலிருந்து காலை எடுத்தபின் இரண்டு விநாடி வண்டி பின்னால் உருளாமல் அது பிடித்துக்கொள்ளும். அது இல்லையென்றால் மேனுவலே நல்லது. ஹேண்ட்பிரேக் போட்டு எடுக்கப் பழகிவிட்டால் பயம் போய்விடும்.

பலரும் கேட்க மறப்பது பின்கண்ணாடியில் படியும் ஆவியைப் போக்கும் டீஃபாகரும், வைப்பரும். விலை குறைந்த வேரியன்ட்டில் இவை பெரும்பாலும் இருக்காது. மழைக்காலத்தில் ஐந்து பேர் மூச்சுவிடும் காரில் பின்கண்ணாடி வெள்ளைத் துணி போர்த்தியது போலாகிவிடும். அலாய் வீலை விட்டுவிட்டு இந்த இரண்டும் உள்ள வேரியன்ட்டை எடுங்கள்.

கடைசியாக, டெஸ்ட் டிரைவை கோவையில் முடித்துக்கொள்ள ஒத்துக்கொள்ளாதீர்கள். வண்டியைக் குன்னூருக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஐந்து பேரும் ஏறி, பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்போர்டு ஏறும் வழியில் பாதியில் நிறுத்தி மறுபடி எடுங்கள். திரும்பும்போது இரண்டாவது கியரிலேயே இறக்கிப் பாருங்கள், இன்ஜின் வண்டியை எவ்வளவு பிடிக்கிறது என்று தெரியும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கி, பர்லியாரில் சக்கரம் புகைய நிற்கும் கார்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இந்தச் சோதனைக்குச் சம்மதிக்காத ஷோரூமுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: கோவையில் செகண்ட் ஹேண்ட் டீசல் கார் ஒன்று மலிவாக வருகிறது. டி.என். 66 நம்பர். வாங்கலாமா?
- வாசகர், கோத்தகிரி

பதில்: டர்போ டீசல் மலையில் நன்றாகவே இழுக்கும், உயரம் அதை அவ்வளவாகப் பாதிக்காது. ஆனால் மாருதி 2020-இல் டீசல் கார்களை நிறுத்திவிட்டது. சின்ன டீசல் கார் என்றால் இனி பழையதுதான். டர்போ, கிளட்ச் இரண்டையும் உங்கள் மெக்கானிக் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். 30 நாளுக்குள் ஆர்.சி. பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். மாநிலத்துக்குள் பெயர் மாறினாலும் நம்பர் மாறாது. 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வண்டி நுழைய இ-பாஸ் (ஆன்லைன் அனுமதி) இருக்கிறது. நீலகிரிப் பதிவான டி.என். 43 வண்டிகளுக்கு அது வேண்டாம், உங்களுக்கு வேண்டும். உள்ளூர்வாசி என்று முகவரிச் சான்றோடு முதல் வேலையாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மலைக்கு எலெக்ட்ரிக் கார் ஒத்துவருமா?
- வாசகர், கொடைக்கானல்

பதில்: வீட்டு வாசல்வரை கார் வந்து, சார்ஜர் மாட்ட இடமும் இருந்தால் நன்றாக ஒத்துவரும். மோட்டாருக்குக் காற்று தேவையில்லை, அதனால் உயரத்தில் சக்தி குறையாது. படியேறிப் போகிற வீடாக இருந்து கார் ரோட்டோரம் நின்றால் இப்போதைக்கு வேண்டாம். வத்தலக்குண்டு இறங்கும்போது பேட்டரி கொஞ்சம் ஏறிக்கொண்டே போகும். ஏறி வரும்போது அதைவிட அதிகம் செலவாகும், குளிரிலும் ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) குறையும். கம்பெனி சொல்லும் ரேஞ்சில் பாதியை வைத்துக் கணக்குப் போடுங்கள். மலையிறங்கும் நாளில் மட்டும் முழு சார்ஜ் போடாமல் 85 சதவீதத்தில் நிறுத்துங்கள். பேட்டரி நிறைந்திருந்தால் இறக்கத்தில் வரும் மின்சாரத்தை அது வாங்காது, மோட்டாரின் பிடிப்பும் குறைந்துவிடும்.