1,62,000 கிலோமீட்டர் ஓடிய கோல்ட் விங்கை வாங்கலாமா?

கேள்வி: டொரன்டோவில் இருக்கிறேன். 2008-ஆம் வருட ஹோண்டா கோல்ட் விங் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மீட்டரில் 1,62,000 கி.மீ. விற்பவர் இரண்டாவது உரிமையாளர். கடைசி மூன்று வருடம் அதிகம் ஓட்டவில்லை என்கிறார். வரும் கோடையில் மனைவியோடு வான்கூவர் வரை போய் வர ஆசை. "ஒன்றரை லட்சம் தாண்டிய பைக்கில் எஞ்சின் போயிருக்கும், தொடாதே" என்கிறார் நண்பர். இவ்வளவு பெரிய எஞ்சின் உண்மையில் எவ்வளவு ஓடும்? முதலில் எது போகும்?

பதில்: உங்கள் நண்பரின் கணக்கு சரியான கணக்குதான், ஆனால் வேறு வண்டிக்கானது. நம் ஊர் 100 சிசி பைக்கில் ஒன்றரை லட்சம் என்றால் ஒரு தடவையாவது ரிங், போர் வேலை பார்த்திருப்பார்கள். அது சின்ன எஞ்சின், காற்றிலேயே குளிர வேண்டியது, ஹைவேயில் முழு மூச்சில் ஓடுவது. அந்தப் பழக்கத்தில் பார்த்தால் 1,62,000 பயமுறுத்தத்தான் செய்யும். எனக்கு அந்த எண்ணில் பயம் இல்லை. "கடைசி மூன்று வருடம் அதிகம் ஓட்டவில்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது.

முதலில் எஞ்சின். இந்த ஜிஎல்1800 மாடலில் இருப்பது 1,832 சிசி, தண்ணீரில் குளிரும் ஆறு சிலிண்டர், பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருக்கும். அது தரும் சக்தி சுமார் 118 குதிரைத் திறன். ஏறக்குறைய அதே சக்தியை 600 சிசி ரேஸ் வகை பைக்கும் தந்துவிடும். ஆனால் அதற்கு நிமிடத்துக்கு 13,000 சுற்று வரை போக வேண்டும். கோல்ட் விங்குக்கு 5,500 போதும். டாப் கியரில் 100 கி.மீ. வேகத்தில் நேராகப் போகும்போது 3,000 சுற்றுக்குக் கீழேயே ஓடிக்கொண்டிருக்கும், இருபது குதிரைத் திறன் அளவுக்குத்தான் வேலை செய்யும். ஆறு மூட்டை தூக்கக்கூடிய ஆள் ஒரு மூட்டையோடு நடக்கிற மாதிரி. அதோடு டூரிங் வண்டியை யாரும் பால் வாங்க எடுத்துப் போவதில்லை. காலையில் ஒரு தடவை ஸ்டார்ட் செய்தால் நாள் முழுக்கச் சூடாகவே ஓடும். எஞ்சினைத் தேய்ப்பது குளிர்ந்த ஸ்டார்ட்டும், சூடாவதற்குள் அணைத்துவிடும் குட்டிப் பயணமும்தான்.

அதனால் வருடம் தவறாமல் ஆயில் மாற்றிய ஜிஎல்1800 எஞ்சின் 3 லட்சம் கிலோமீட்டரைத் திறக்காமலே தாண்டுவது அதிசயம் இல்லை. இந்தக் குடும்பத்தின் பழைய வண்டிகளும் சளைத்தவை அல்ல. அர்ஜென்டினாவின் எமிலியோ ஸ்காட்டோ 1985 ஜனவரியில் பியூனஸ் அயர்ஸிலிருந்து 1,100 சிசி கோல்ட் விங்கில் கிளம்பி, பத்து வருடத்தில் 7,35,000 கி.மீ. சுற்றிவிட்டு 1995-இல் ஊர் திரும்பினார். அந்த தூரத்தில் எத்தனை பாகம் மாற்றினார் என்பது வேறு கணக்கு. அந்த வடிவமைப்பு எவ்வளவு உழைப்பைத் தாங்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எல்லாப் பெரிய எஞ்சினுக்கும் இதே கதை என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பலவீனமான இடம் உண்டு, அதைத் தெரிந்துகொண்டுதான் பழைய வண்டி வாங்க வேண்டும். ஹார்லியின் ட்வின் கேம் 88 எஞ்சினில் கேம் செயினை ஸ்பிரிங் விசையில் அழுத்திப் பிடிக்கும் டென்ஷனர் தேயும். அந்தத் துகள்கள் ஆயிலில் கலந்து ஆயில் பம்பைக் கெடுக்கும். 2007 மாடலுக்குள் எல்லா ட்வின் கேமிலும் ஹைட்ராலிக் டென்ஷனர் வந்துவிட்டது. பிஎம்டபிள்யூ கே1200எல்டி-யில் பின்சக்கரத்துக்குச் சக்தி கொடுக்கும் ஃபைனல் டிரைவின் பேரிங் பேர்போன தலைவலி. கோல்ட் விங்கிலேயே 1,200 சிசி மாடலில் மின்சாரம் தயாரிக்கும் ஸ்டேட்டர் எஞ்சினுக்குள் இருந்தது. அது கருகினால் எஞ்சினையே இறக்க வேண்டும். ஜிஎல்1500 வரை வால்வுகளை இயக்கியது டைமிங் பெல்ட். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். உங்கள் 1800-இல் பெல்ட் இல்லை, செயின். ஆல்டர்னேட்டரும் வெளியிலிருந்தே கழற்றக்கூடியது. பழைய இரண்டு பெரிய கவலையும் இதில் கிடையாது.

சரி, இதில் எது போகும்? எஞ்சினைச் சுற்றி இருப்பவைதான். நான் முதலில் பார்ப்பது பின்சக்கரத்தை ஓட்டும் ஷாஃப்டின் ஸ்ப்ளைன். செயினுக்குப் பதில் சுழலும் தண்டு இருக்கும் ஷாஃப்ட் டிரைவ் வண்டியில் செயின் பராமரிப்பு இல்லை என்பதால் பலர் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. அந்தத் தண்டின் நுனியில் பல் பல்லாக வெட்டியிருக்கும், அதுதான் ஸ்ப்ளைன். அது ஃபைனல் டிரைவில் போய்ப் பொருந்தும். அவ்வப்போது அதைக் கழற்றி, அந்தப் பற்களைத் துடைத்து மாலிப்டினம் பேஸ்ட் தடவ வேண்டும். தடவாமல் விட்ட ஒரு டூரிங் வண்டியின் ஃபைனல் டிரைவை நான் இழுத்தபோது, மிளகாய்ப்பொடி மாதிரி சிவப்புத் துருப்பொடி கையெல்லாம் கொட்டியது. பற்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். அவை ரம்பப் பல் போலக் கூராகியிருந்தன. இன்னும் கொஞ்சம் தேய்ந்திருந்தால் எஞ்சின் சுற்றும், கியர் விழும், வண்டி மட்டும் நகராது. நீங்கள் போகப்போகிற வழியில் சுப்பீரியர் ஏரியின் வடகரை இருக்கிறது. வாவா என்ற சிற்றூரைத் தாண்டிவிட்டால் அடுத்த ஊருக்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். அங்கே இது நடக்கக் கூடாது. விற்பவர் சம்மதித்தால் பின்சக்கரத்தையும் ஃபைனல் டிரைவையும் கழற்றிப் பார்த்தே வாங்குங்கள். சம்மதிக்காவிட்டால் கடைசியாக அந்த வேலை பார்த்த ரசீதையாவது கேளுங்கள்.

அடுத்து, நின்ற வண்டியின் நோய்கள். ரப்பரும் திரவமும் கிலோமீட்டர் பார்ப்பதில்லை, வருடம்தான் பார்க்கும். பிரேக் ஃப்ளூயிட் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றியே ஆக வேண்டும். இந்த வண்டியில் கிளட்ச்சும் ஹைட்ராலிக். அதன் ஃப்ளூயிட் யார் நினைவிலும் இருக்காது. ரிசர்வாயர் மூடியைத் திறந்து பாருங்கள். புதிய ஃப்ளூயிட் இளமஞ்சளாகத் தெளிவாக இருக்கும். டிகாக்ஷன் நிறத்தில், அடியில் மண்டியோடு இருந்தால் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரின் சீல் கசிய அதிக நாள் இல்லை. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும்: 3517 என்றால் 2017-இன் 35-ஆவது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அவ்வளவு பழைய டயரில் இருவரும் சாமானோடு ஏறாதீர்கள்.

அப்புறம் எலி. சிரிக்காமல் கேளுங்கள். கனடாவின் குளிர்காலத்தில் கராஜில் நிற்கும் கோல்ட் விங்கின் ஏர் ஃபில்டர் பெட்டி எலிக்கு அருமையான வீடு. ஃபில்டரைப் பார்க்க சீட்டையும் மேல் கவரையும் கழற்ற வேண்டியிருப்பதால் பலர் வருடக்கணக்கில் திறப்பதே இல்லை. மூன்று வருடம் நின்ற வண்டியில் அதைத் திறக்காமல் பயணம் கிளம்பக் கூடாது.

வாட்டர் பம்பின் அடியில் சின்ன துளை ஒன்று இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் கூலன்ட் அந்த வழியே சொட்டும். ஈரம் காய்ந்து படிந்த தடம் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தடம் இருந்தால் பம்ப் வேலையைப் பயணத்துக்கு முன்பே முடித்துவிடலாம், விலையிலும் பேசிக் குறைக்கலாம். ஸ்டியரிங் பேரிங்குக்கும் இதே அறிவுரைதான். மணிக்கு 60 கி.மீ. சுற்றுவட்டாரத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டுக் கையைத் தளர்த்தினால் ஹேண்டில்பார் ஆடுகிறதா? ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கலாம், முன் டயரும் காரணமாக இருக்கலாம். இரண்டுமே சரிசெய்யக்கூடியவை. ஸ்டார்ட் பட்டனை அழுத்தும்போது ஹெட்லைட் அணைந்து, விட்டபின் மீண்டும் எரிய வேண்டும். எரியாமல் அடம்பிடித்தால் சுவிட்சின் கான்டாக்ட் அழுக்காகிவிட்டது என்று அர்த்தம்.

ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். 2011 இறுதியில் ஹோண்டா இந்த மாடல்களைத் திரும்ப அழைத்தது. பிரேக் அமைப்பிலுள்ள செகண்டரி மாஸ்டர் சிலிண்டர் கோளாறால் பிரேக்கை விட்ட பிறகும் பின் பிரேக் பிடித்தபடியே நின்று சூடேறும் அபாயம் இருந்தது. உங்கள் 2008 அந்தப் பட்டியலுக்குள் வருகிற வருடம். சட்டக எண்ணைக் கொடுத்தால் அந்த வேலை முடிந்திருக்கிறதா என்று டீலர் சொல்லிவிடுவார். முடியாமல் இருந்தால் இலவசமாகவே செய்து கொடுப்பார்கள்.

இப்போது எஞ்சினைக் கேட்போம். நீங்கள் போய்ச் சேரும்போது அது குளிர்ந்திருக்க வேண்டும். எஞ்சின் கவரில் கை வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால் வேறொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் நீலப் புகை வந்தால் பயப்பட வேண்டாம். படுத்த சிலிண்டர் எஞ்சினைச் சைடு ஸ்டாண்டில் நிறுத்தினால் இடப்பக்கச் சிலிண்டர்களுக்குள் ஆயில் இறங்கும். அது எரிகிற புகை. சூடான பிறகும் புகை நிற்கவில்லை என்றால்தான் ரிங், வால்வு சீல் பற்றி யோசிக்க வேண்டும். முடிந்தால் ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போய் ஆறு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே உண்டாகும் அழுத்தம், பாருங்கள். எல்லாம் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஐந்து ஒரு மாதிரியும் ஒன்று மட்டும் குறைவாகவும் இருந்தால் விட்டுவிடுங்கள். 2,000 சுற்றில் பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் நலமாக இருக்கிறது.

ஒன்டாரியோவில் பைக்கை உங்கள் பெயருக்கு மாற்றிச் சாலையில் ஓட்ட சேஃப்டி சான்றிதழ் வேண்டும். அதை எஞ்சினுக்கான சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரேக், டயர், விளக்கு, ஸ்டியரிங் மாதிரியானவற்றுக்குத்தான் அந்தச் சோதனை. எஞ்சினுக்குச் சான்று ரசீதுகள். ஜிஎல்1800-க்கு 12,800 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாற்ற வேண்டும். கனடாவில் ஓட்டும் பருவம் குறுகியது என்பதால் பலருக்கு வருடம்தான் முதலில் வரும். எஞ்சின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். அதனால் கார் ஆயிலை ஊற்றாமல், டப்பாவில் ஜாசோ எம்ஏ என்று போட்டிருப்பதையே ஊற்றுங்கள். சுமார் 51,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை வால்வு இடைவெளி பார்க்க வேண்டும். இந்த வண்டியில் அது மூன்று முறை நடந்திருக்க வேண்டும். ஒரு முறையாவது நடந்ததற்குத் தாள் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ரசீதுக் கட்டு கனமாக இருந்து, ஸ்ப்ளைன் சுத்தமாக இருந்து, கம்ப்ரஷன் சமமாக இருந்தால் வாங்குங்கள். வாங்கியதும் ஃப்ளூயிட், கூலன்ட், ஆயில், டயர், பேட்டரி எல்லாவற்றையும் புதிதாக்கிவிட்டு, நயாகரா பக்கம் இரண்டு மூன்று வார இறுதி ஓட்டிப் பாருங்கள். மூன்று வருடம் நின்ற வண்டியில் கசிய வேண்டிய சீல் அந்த ஆயிரம் கிலோமீட்டருக்குள் பெரும்பாலும் கசிந்துவிடும். வீட்டுக்குப் பக்கத்திலேயே கசிந்தால் நல்லது. வான்கூவர் இன்னும் 4,400 கி.மீ. தள்ளி இருக்கிறது.