டார்கோ செய்த குற்றம் என்ன? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், கல்லூரிக் கூடைப்பந்து அணியிலும் இருக்கிறேன். அமெரிக்கக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவின் அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பதுதானே டிராஃப்ட்; 2003 டிராஃப்டில் வந்தவர்களை வைத்து எங்கள் விடுதியில் தினமும் சண்டை. லெப்ரான் ஜேம்ஸுக்கு முதலிடம் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. அடுத்தது யார், கார்மெலோ ஆன்டனியா, டுவைன் வேடா? நான் கார்மெலோ கட்சி. கிறிஸ் பாஷ் மியாமிக்குப் போனதும் மங்கிவிட்டார், அவரைச் சேர்க்க வேண்டாம். டார்கோ மிலிசிச் பேரைச் சொன்னாலே எல்லோரும் சிரித்துவிடுவோம். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பதற்கு இந்த ஐந்து பேரே சாட்சி இல்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வேட். 2006 இறுதிச்சுற்றில் டல்லாஸிடம் முதல் இரண்டு ஆட்டங்களையும் தோற்ற மியாமியை, அடுத்த நான்கையும் ஜெயிக்க வைத்தவர். கார்மெலோ என்பிஏ இறுதிச்சுற்றில் ஒருமுறைகூட ஆடியதில்லை. அவருடைய மூன்று ஒலிம்பிக் தங்கங்களையும், நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ஒரே இரவில் அடித்த 62 புள்ளிகளையும் நானும் மதிக்கிறேன். இருந்தாலும் வேட்தான். சரி, இதை இத்தோடு விடுங்கள்.

என்னை உறுத்தியது உங்கள் சிரிப்பு. டார்கோவைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

டிராஃப்ட் நடந்த அன்று அவனுக்குப் பதினெட்டு வயது முடிந்து ஆறு நாள். செர்பியாவின் நோவி சாடில் பிறந்தவன். 1999-இல் நேட்டோ விமானங்கள் அந்த ஊரின் டான்யூப் பாலங்களைக் குண்டுபோட்டுத் தகர்த்தபோது 13 வயதுப் பையன். லெப்ரானுக்கு அடுத்து இரண்டாவதாக அவனை எடுத்தது டெட்ராய்ட் பிஸ்டன்ஸ். முந்தின சீசனில் 50 ஆட்டங்களை ஜெயித்த அணி அது. டிராஃப்டில் முன்னிடங்கள் வழக்கமாக முந்தின சீசனில் மோசமாக ஆடிய அணிகளுக்குத்தான். அப்படியிருக்க இந்த அணிக்கு இரண்டாவது இடம் எப்படிக் கிடைத்தது? 1997-இல் வான்கூவர் கிரிஸ்லீஸ் அணி ஓடிஸ் தோர்ப் என்ற ஆட்டக்காரருக்காகத் தன் எதிர்கால டிராஃப்ட் உரிமை ஒன்றை டெட்ராய்டுக்குக் கொடுத்திருந்தது. அது பலித்தது 2003-இல். இந்தப் பையன் எந்த ஊர் பெஞ்சில் உட்கார வேண்டும் என்பது அவனுக்கு 12 வயதாகும்போதே எழுதப்பட்டுவிட்டது.

மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று பாருங்கள். லெப்ரான் போன கிளீவ்லாந்தும் கார்மெலோ போன டென்வரும் முந்தின சீசனில் ஜெயித்தது தலா 17 ஆட்டம். வேட் போன மியாமி 25. அங்கெல்லாம் புதுப் பையன் கையில் முதல் நாளே பந்தைக் கொடுத்தாக வேண்டும், வேறு வழியில்லை. தப்புச் செய்தாலும் அடுத்த முறையும் பந்து அவனிடம்தான் வரும். டெட்ராய்டிலோ, பயிற்சியாளர் லாரி பிரவுனுக்கு அந்த வருடமே கோப்பை வேண்டும், அதை வாங்கியும் காட்டினார். டார்கோ அந்த சீசனில் ஆடியது 34 ஆட்டம், ஆட்டத்துக்குச் சராசரி ஐந்து நிமிடம்கூடத் தேறாது. லெப்ரான் ஆடியது கிட்டத்தட்ட நாற்பது நிமிடம். முளையிலே தெரியும் என்கிறீர்களே, முளைத்ததைப் பார்க்க முதலில் மண்ணில் போட வேண்டாமா? ஜெயிப்பது உறுதியான பிறகு கடைசி நிமிடங்களில் இறக்கிவிடப்படுவான். அதற்காக, ஜெயித்தாயிற்று என்று பற்றவைக்கும் சுருட்டைப் போல, 'வெற்றிச் சுருட்டு' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். உங்கள் விடுதிச் சிரிப்பு அந்த அரங்கங்களில் தொடங்கியதுதான்.

கல்லூரி அணியில் நான் பெரும்பாலும் பெஞ்சில் இருந்தவன், அதனால் இதைச் சொல்கிறேன். வார்ம்-அப் செய்துவிட்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் வியர்வை காய்ந்து பனியன் முதுகில் விறைத்துக்கொள்ளும். கெண்டைக்கால் மரத்துப்போகும். கடைசி இரண்டு நிமிடத்துக்கு 'எழுந்திரிடா, இறங்கு' என்று கோச் சொல்வார். முதல் பாஸ் வந்து பட்டதும் விரல் நுனி வலிக்கும். ஃப்ரீ த்ரோ வளையத்தைக்கூடத் தொடாது. அந்த இரண்டு நிமிடத்தைப் பார்த்துவிட்டு, இவன் இவ்வளவுதான் என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். உங்கள் அணியிலும் அப்படி ஒருவன் இருப்பான் எஸ். அவனையும் பார்த்துச் சிரிக்கிறீர்களா?

டார்கோவின் பக்கம் தவறே இல்லை என்று சொல்ல வரவில்லை. தலைக்கனம் பிடித்து எல்லோரிடமும் சண்டை போட்டதாக அவனே பின்னாளில் பேட்டியில் ஒப்புக்கொண்டான். ஆனால் டெட்ராய்டை விட்டுப் போன பிறகு, 2010-11 சீசனில் மினசோட்டாவில் ஆட்டத்துக்குச் சராசரி இரண்டு ஷாட்களைத் தடுத்தவனும் அவன்தான். பதினெட்டு வயதில் அவன் டென்வருக்கோ மியாமிக்கோ போயிருந்தால் பெரிய நட்சத்திரம் ஆகியிருப்பானா? ஆகியிருக்க மாட்டான் என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு முழு ஆட்டக்காரனாக ஆகியிருப்பான். இப்போது செர்பியாவில் ஆப்பிள் தோட்டம் வைத்திருக்கிறான்.

அதே டிராஃப்டில் 51-ஆவது இடத்தில் வந்த கைல் கோர்வரை நியூ ஜெர்சி அணி காசுக்கு விற்று, மிச்சத்தில் ஒரு ஜெராக்ஸ் மெஷின் வாங்கியது. அவர் 17 சீசன் ஆடினார். யூடோனிஸ் ஹாஸ்லமை ஒருவரும் எடுக்கவே இல்லை, மியாமியில் மூன்று கோப்பை வாங்கினார். உங்கள் பழமொழியில் இவர்களை எங்கே வைப்பீர்கள்?

அப்புறம் பாஷ். மங்கிவிட்டார் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? டொரான்டோவில் கடைசி சீசனில் ஆட்டத்துக்கு 24 புள்ளி, மியாமியில் முதல் சீசனில் 18.7. எண் குறைந்தது, ஏனென்றால் லெப்ரானும் வேடும் இருக்கும் இடத்தில் மூன்றாமவனாக நிற்கத் தானே ஒப்புக்கொண்டார். 2013 இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டம். சான் அன்டோனியோ மூன்று புள்ளி முன்னால். லெப்ரான் எறிந்த ஷாட் தவறுகிறது. கூட்டத்துக்கு நடுவே எம்பிப் பந்தைப் பிடிக்கிறார் பாஷ். பிடித்துக்கொண்டே தான் எறியப் பார்க்கவில்லை, மூலைக்குப் பின்வாங்கி ஓடும் சக ஆட்டக்காரர் ரே ஆலனிடம் கொடுக்கிறார். ஆலன் போட்ட அந்த மூன்று புள்ளியைத்தான் உலகம் பேசுகிறது. ஓவர்டைமில் கடைசி ஷாட்டைத் தடுத்ததும் பாஷ்தான். ரத்த உறைவு நோய் வந்து 2016-இல் அவருடைய ஆட்டம் நின்றுபோனது.

அந்த ஆட்டத்தின் கடைசி அரை நிமிடத்தையும் ஓவர்டைமையும் விடுதியில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். பார்த்துவிட்டு, பாஷைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்ல முடிகிறதா என்று எனக்கு எழுதுங்கள்.